மலைச்சரிவுல ஒரு டேஸ்டிங் ரூம்: வாசகர் கேள்விகளும் ஆர்க்கிடெக்ட் பதில்களும்

இந்த தடவை வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான். தோட்டத்துக்கு வர்றவங்களுக்கு டீயோ காபியோ குடுத்து ருசி காட்ட ஒரு ரூம் கட்டணும், எங்க கட்டறது, எப்படி கட்டறது. பச்சைத் தேயிலைக்கு கிடைக்கற விலையை பாத்தா சின்ன விவசாயிங்க நேரா குடிக்கறவங்ககிட்டயே விக்கணும்னு நினைக்கறது ரொம்ப நியாயம். அதனால இந்த இதழ் முழுக்க அதுக்கே ஒதுக்கியாச்சு.

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்களுக்கு ரெண்டரை ஏக்கர் தேயிலை இருக்கு, கொஞ்சமா ஒயிட் டீ, கிரீன் டீ கையாலயே பண்றோம். நாசிக் போயிருந்தப்ப ஒரு ஒயின் கம்பெனியோட டேஸ்டிங் ரூம் பாத்தோம், பால்கனியில உக்காந்தா திராட்சைத் தோட்டம் முழுசா தெரியுது. அதே மாதிரி எங்க தோட்டத்து உச்சியில நாலு பக்கமும் கண்ணாடி வெச்சு கட்ட ஆசை. ஜேசிபி விட்டு மேட்டை சமன் பண்ணிட்டா மீதி ஈஸின்னு காண்ட்ராக்டர் சொல்றார். சரியா வருமா? (கோத்தகிரி வாசகர்)

பதில்: சார், முதல்ல அந்த மேட்டை சமன் பண்ற பேச்சை விட்டுடுங்க. நீலகிரியில மண்ணு வெட்டற மெஷினை கலெக்டர் அனுமதி இல்லாம இறக்கவே முடியாது, அது ஒரு பக்கம். அனுமதி கிடைச்சாலும் வேண்டாம்னுதான் சொல்வேன், ஏன்னு சொல்றேன்.

நாசிக்ல நீங்க பாத்தது தக்காண பீடபூமி. சுலாங்கற ஒயின் கம்பெனி அங்க 2005ல டேஸ்டிங் ரூம் திறந்தாங்க, அதைப் பாத்துதான் நம்ம நாட்டுல நிறைய பேருக்கு இந்த ஆசையே வந்துச்சு. ஆனா அங்க தரை மெதுவா சரியும், மழை நாலு மாசத்துல முடிஞ்சிடும், திராட்சை அறுவடை ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும் காய்ஞ்ச காத்துல நடக்கும், அந்த நேரத்துல திறந்த பால்கனி சுகமா இருக்கும். கோத்தகிரி அப்படியா? தொட்டபெட்டா மலை மறைக்கறதால தென்மேற்கு மழை உங்களுக்கு கம்மி, அக்டோபர் நவம்பர்ல கிழக்க இருந்து வர்ற மழைதான் உங்களை அடிக்கும், அதுவும் ராத்திரி பகல்னு இல்லாம ஊத்தும். 2009 நவம்பர் உங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கும். நாப்பது பேருக்கு மேல போனாங்க, குன்னூர் கோத்தகிரி பக்கம் எத்தனை இடத்துல சரிவு. அந்த மண்ணு மேலதான் நீங்க கட்டப் போறீங்க.

நம்ம மலையில அடியில கருங்கல் பாறை, அதுக்கு மேல அந்தப் பாறையே லட்சக்கணக்கான வருஷமா இத்துப்போய் ஆன செம்மண்ணு, சில இடத்துல பல மீட்டர் ஆழத்துக்கு. காய்ஞ்சிருக்கறப்ப செங்குத்தா வெட்டினாலும் அழகா நிக்கும், அதைப் பாத்துதான் எல்லாரும் ஏமாந்துடறாங்க. தண்ணி உள்ள இறங்கினதும் மண்ணு கனமாகும், பிடிப்பு விட்டுடும், பாறைக்கும் மண்ணுக்கும் நடுவுல தண்ணி தேங்கி அப்படியே மேல இருக்கறதை எல்லாம் இழுத்துக்கிட்டு வந்துடும். வெட்டின மண்ணை கீழ்ப்பக்கம் கொட்டி அதையும் தரையா ஆக்கி பாதி ரூமை அது மேல நிறுத்துவாங்க பாருங்க, அந்தப் பாதிதான் முதல்ல விரிசல் விடும்.

அதனால நான் எந்த இடத்துக்குப் போனாலும் முதல்ல வியூ பாக்கறதில்ல, தண்ணி எங்க போகுதுன்னுதான் பாப்பேன். நீங்களே பாத்துடலாம், இன்ஜினியர் வரணும்னு இல்ல. ஐப்பசி மழை நல்லா பிடிச்சிருக்கற ஒரு நாள் குடையை எடுத்துக்கிட்டு மேல இருந்து கீழ வரைக்கும் தோட்டத்துல நடங்க. தண்ணி எந்த சந்துல சேருது, எங்க செந்தண்ணியா ஓடுது, எங்க தெளிஞ்ச தண்ணியா மண்ணுக்குள்ள இருந்து ஊறி வருது, ஒவ்வொரு இடத்துலயும் ஒரு குச்சி நட்டு வைங்க. மழை நின்னு ஒரு வாரம் கழிச்சு மறுபடி போங்க. எந்த குச்சிகிட்ட இன்னும் ஈரம் இருக்கோ, பெரணி செழிப்பா வளந்திருக்கோ, மரம் அடியில வளைஞ்சு மேல நிமிந்திருக்கோ, அந்த இடம் எல்லாம் உங்களுக்கு இல்ல, மலைக்கு. ரெண்டு மேட்டுக்கு நடுவுல உள்ள மடிப்புல காத்து அடிக்காது, சுகமா இருக்கும்னு தோணும், அங்கதான் சரிவு ஆரம்பிக்கும், அங்க கட்டவே கட்டாதீங்க.

உச்சியும் வேண்டாம். காத்து, இடி ரெண்டும் முதல்ல அங்கதான், தண்ணியை மோட்டார் போட்டு மேல ஏத்தணும், அதோட எதிர் மலையில இருக்கற எல்லா ஊருக்கும் உங்க கண்ணாடிப் பெட்டிதான் தெரியும். உச்சியில இருந்து கொஞ்சம் இறங்கி, மேடு முதுகு மாதிரி நீண்டு போற இடம் ஒண்ணு கண்டிப்பா இருக்கும், தண்ணி ரெண்டு பக்கமும் பிரிஞ்சு போற இடம். அங்க சரிவுக்கு குறுக்க நீளமா, ஒரே ஒரு அறை அகலத்துக்கு கட்டுங்க. படுகர் ஹட்டியில, அதாவது அவங்க ஊர்ல, பழைய வீடுங்களை பாருங்க, வரிசையா ஒரே மட்டத்துல சரிவுக்கு குறுக்க போகும், முன்னாடி எல்லாருக்கும் பொதுவா ஒரு முற்றம். அகலத்தை குறைச்சு நீளத்தை கூட்டினாங்கன்னா மண்ணு வெட்டற வேலை குறைஞ்சிடும், அவ்வளவு எளிமையான கணக்கு. மேல்பக்க சுவரை கல்லுல தரையோட சேத்துட்டு கீழ்ப்பக்கத்தை தூண் மேல நிறுத்துங்க. தூணுக்கு குழி எடுக்க நாலு ஆள் கடப்பாரையோட போதும், அடியில மழைத் தண்ணி தன் வழியில போயிடும்.

இன்னொரு கணக்கு. ஒரு சதுர மீட்டர் கூரையில ஒரு மில்லிமீட்டர் மழை பெஞ்சா ஒரு லிட்டர். உங்களுக்கு 500 சதுர அடி ரூம் போதும்னு வைங்க, அது சுமார் 46 சதுர மீட்டர். ஒரு நாள்ல 100 மில்லிமீட்டர் மழை இங்க பெரிய விஷயமே இல்ல, அதுக்கே 4,600 லிட்டர் உங்க கூரையில இருந்து மட்டும் இறங்கும். 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சியில ஒரே நாள்ல 80 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சே, அப்படி ஒரு நாள் வந்தா அதே கூரையில 37,000 லிட்டர். அதுக்கு முன்னாடி அந்தத் தண்ணி 46 சதுர மீட்டர் தேயிலைச் செடி மேல பரவலா விழுந்து ஊறிக்கிட்டு இருந்துச்சு, இப்ப ரெண்டு பைப் வழியா ஒரே இடத்துல கொட்டப்போகுது. அந்த இடம்தான் அரிக்கும். அதனால கூரைத் தண்ணி டேங்குக்கு, டேங்க் நிறைஞ்சா கல் பதிச்ச கால்வாய் வழியா ஏற்கனவே இருக்கற ஓடைக்கு. பிளான்ல முதல் கோடு அதுதான் போடணும், ரூம் அப்புறம்.

தடுப்புச் சுவர் வந்தே ஆகணும்னா சிமெண்ட்ல வழவழன்னு பூசி மூடாதீங்க, பின்னாடி சேர்ற தண்ணிக்கு வழி விடாத சுவரை தண்ணியே தள்ளிடும். ஓட்டை வைங்க, ஓட்டைக்குப் பின்னாடி ஜல்லி வைங்க. இல்லன்னா நம்ம மலைப்பாதையில சரிவு வந்த இடத்துல கம்பி வலைக்குள்ள கருங்கல் அடுக்கி வெக்கறாங்களே, கேபியன் சுவர், அதையே போடுங்க. ரோட்டுச் சுவர்னு குறைவா நினைக்காதீங்க. கலிஃபோர்னியாவுல நாபா பள்ளத்தாக்குல டோமினஸ்னு ஒரு ஒயினரி இருக்கு, ஹெர்ஸோக் அண்ட் டி மியூரோன்னு சுவிட்சர்லாந்து ஆர்க்கிடெக்ட்ஸ் தொண்ணூறுகள்ல கட்டினது, மொத்த வெளிச்சுவரும் அந்தப் பக்கத்து கருங்கல்லை வலைக்குள்ள போட்டு அடுக்கினதுதான். பகல் வெயிலை கல்லு வாங்கிக்கும், இடுக்கு வழியா வெளிச்சம் பொட்டுப் பொட்டா உள்ள விழும், தூரத்துல இருந்து பாத்தா தோட்டத்து நடுவுல ஒரு கல் வேலி மாதிரிதான் தெரியும். இத்தாலியில ஃபிளாரன்ஸுக்கு தெற்க அன்டினோரி குடும்பம் 2012ல திறந்த ஒயினரியை இன்னும் மேல கொண்டு போனாங்க, கட்டடத்தை குன்றுக்குள்ள வெச்சுட்டு கூரை மேலயே திராட்சை நட்டுட்டாங்க, எதிர்ல நின்னா சரிவுல ரெண்டு நீள கீறல் மட்டும்தான். அதை இங்க செய்யச் சொல்லல. மலையை அவ்வளவு தோண்டற வேலையை நம்ம மழை தாங்காது. ஆனா காசு அவ்வளவு இருக்கறவங்களே தன் கட்டடம் தெரியக்கூடாதுன்னு நினைச்சாங்க பாருங்க, அதை எடுத்துக்கலாம்.

கண்ணாடி விஷயம். நாலு பக்கமும் கண்ணாடின்னா வருஷத்துல பாதி நாள் நீங்க பாக்கப்போறது பனிமூட்டத்தையும் கண்ணாடி உள்பக்கம் வேர்க்கற தண்ணியையும்தான். பறவைங்க வேற வந்து மோதும். ஒரே ஒரு பக்கம் திறங்க, உக்காந்தா கண் மட்டத்துல நீளமா ஒரு ஜன்னல், அதுல உங்க தேயிலை வரிசையும் அதுக்கு அப்பால பள்ளத்தாக்கும் தெரிஞ்சா போதும். உங்க தோட்டத்துல எந்தத் தேயிலையை குடிக்கறாங்களோ அந்தச் செடியே ஜன்னலுக்கு வெளிய கை எட்டற தூரத்துல நிக்கணும், அது தூரத்து மலையை விட பெரிய விஷயம். அதனால கட்டற வேலைக்காக சுத்தி இருக்கற செடியை பிடுங்க விடாதீங்க, ஆளுங்க நடக்க ஒரே ஒரு வழியை கயிறு கட்டி காட்டிடுங்க.

அனுமதி பத்தி ஒரு வார்த்தை. ஹாகா (மலைப்பகுதி பாதுகாப்புக் குழுமம்) லிஸ்ட்ல இருக்கற கிராமமான்னு பாருங்க, நீலகிரியில பெரும்பாலும் இருக்கும். அப்ப வனத்துறை, கனிமவளத்துறை, வேளாண் பொறியியல் துறைன்னு கருத்து கேப்பாங்க, லேட் ஆகும். அந்த நாளை வீண்னு நினைக்காம ஒரு மழைக்காலம் முழுக்க இடத்தை பாத்துடுங்க.

கேள்வி: குன்னூர்ல எங்க பழைய பங்களாவோட முன் ஹாலை டீ டேஸ்டிங் ரூமா மாத்தறோம். பைன் மரத்துல பேனலிங், ஒரு ஃபயர்பிளேஸ், கார்ப்பெட், கற்பூரத் தைல வாசனை வர்ற டிஃப்யூசர் எல்லாம் பிளான்ல இருக்கு. வேற என்ன சேக்கலாம்? (குன்னூர் வாசகி)

பதில்: அம்மா, சேக்கறதை விட எடுக்க வேண்டியது இருக்கு. ருசி பாக்கற ரூமுக்கு வாசனையே இருக்கக்கூடாது. டீயில பாதி ருசி மூக்குலதான், கற்பூரத் தைலம் இருக்கற ரூம்ல உங்க டீயோட பூ வாசனை யாருக்கும் தெரியாது. டிஃப்யூசர் வேண்டாம், புது வார்னிஷ் அடிச்சா ஒரு ரெண்டு மாசமாவது ஜன்னலை திறந்து போட்டு காய வைங்க, தரை துடைக்க பினாயில் கூட ஆள் வர்ற நாள்ல வேண்டாம். கார்ப்பெட் குன்னூர் ஈரத்துல பூஞ்சை பிடிச்சு ஒரு வாடை வரும், அது போகவே போகாது. பழைய பங்களான்னா கீழ மரப்பலகையோ சிவப்பு ஆக்ஸைடு தரையோ இருக்கும், அதை மெழுகி வைங்க, அதுக்கு மேல அழகு கிடையாது. ஃபயர்பிளேஸ் அழகுதான், ஆனா புகை டீயில ஏறிடும், அதை டேஸ்டிங் முடிஞ்சு உக்காந்து பேசற அடுத்த ரூமுக்கு கொண்டு போயிடுங்க.

வெளிச்சம்தான் முக்கியம். டீ டேஸ்டர்ங்க எல்லாரும் வடக்கு வெளிச்சம் கேப்பாங்க, டிகாஷன் நிறத்தை நேர் வெயில் மாத்திக் காட்டும்னு. குன்னூர்ல யாராவது பழைய புரோக்கர் ஆபீஸ்ல வேலை பாத்தவங்க இருந்தா கேட்டு பாருங்க. ஆனா அந்த வழக்கம் லண்டன் மாதிரி ஊருக்கு முழுசா பொருந்தும், நாம இருக்கறது 11 டிகிரி அட்சரேகையில. ஏப்ரல் மூணாவது வாரத்துல இருந்து ஆகஸ்ட் மூணாவது வாரம் வரைக்கும் சூரியன் மத்தியானத்துல நமக்கு வடக்குப் பக்கம் வந்துடும். உச்சி நேரத்துக்கு சின்ன கூரை நீட்டலே தடுத்துடும், காலையிலயும் சாயந்திரமும் சாய்ஞ்சு வர்ற வெயிலுக்குத்தான் ஜன்னல் ரெண்டு ஓரத்துலயும் செங்குத்தா ஒரு பலகை வேணும். சுவர் வெள்ளை, மேஜை மேல் பரப்பும் வெள்ளை. பச்சை பெயின்ட் அடிச்ச சுவர் முன்னாடி கிரீன் டீ ஊத்தினா எல்லாமே பச்சையா தெரியும்.

மேஜை நின்னுக்கிட்டு பாக்கற உயரத்துக்கு, இடுப்புக்கு கொஞ்சம் மேல இருக்கட்டும், பக்கத்துலயே துப்பறதுக்கு பாத்திரம், கழுவ தொட்டி. முறைப்படி பாக்கணும்னா 100 மில்லி தண்ணிக்கு 2 கிராம் தேயிலை, மூடி போட்ட வெள்ளை பீங்கான்ல 6 நிமிஷம், அதுதான் ஐஎஸ்ஓங்கற சர்வதேச தர அமைப்பு வெச்சிருக்கற அளவு. வர்றவங்களுக்கு அது கொஞ்சம் காட்டமா இருக்கும், அது வேணும்னேதான், குறை இருந்தா வெளிய தெரியணும்னுதான் அப்படி போடறது. அதனால ரெண்டு விதமாவும் குடுங்க.

ஒரு விஷயம் யாரும் சொல்ல மாட்டாங்க. குன்னூர் உயரத்துல தண்ணி 94 டிகிரி கிட்டயே கொதிச்சிடும், ஊட்டியில 92, 93தான். உங்க ரூம்ல மெத்துன்னு இருந்த டீயை ஒருத்தர் வாங்கிட்டுப் போய் சென்னையில தளதளன்னு கொதிக்கற 100 டிகிரி தண்ணியில போட்டா கசக்கும், உங்க டீ சரியில்லன்னு சொல்லிடுவார். பாக்கெட்லயே எழுதிடுங்க, கொதிச்சதும் அடுப்பை அணைச்சு ரெண்டு நிமிஷம் விட்டு ஊத்துங்கன்னு. ரூம்ல ஒரு தெர்மாமீட்டரை கெட்டில் பக்கத்துல வெச்சு அவங்க கண்ணாலயே காட்டுங்க, மலைக்கும் டீக்கும் உள்ள சம்பந்தத்தை இதை விட லேசா யாரும் விளக்க முடியாது.

தகரக் கூரையா? அப்ப மழை பெஞ்சா பேச்சே கேக்காது, கீழ மரத்துல சீலிங் குடுத்து நடுவுல தென்னை நாரோ வேற எதாவதோ அடைச்சுடுங்க.

கேள்வி: தோடர் வீடு மாதிரி அரைவட்டக் கூரை போட்டு டேஸ்டிங் ரூம் கட்டினா டூரிஸ்ட் நல்லா வருவாங்கன்னு ஃபிரண்ட்ஸ் சொல்றாங்க. உள்ள ஏசி கூட வெக்கலாம்னு. உங்க கருத்து? (ஊட்டி வாசகர்)

பதில்: வேண்டாம் தம்பி. தோடர்களோட கோயிலும் அதே வடிவத்துலதான் இருக்கும், அது அவங்களுக்கு சாமி இருக்கற இடம், வெளி ஆள் கிட்ட போகவே கூடாத இடம். அந்த வடிவத்தை ஃபைபர்ல வார்த்து உள்ள பில்லிங் கவுண்டர் வெக்கறது எனக்கு மனசு ஒப்பல. உங்க ஊர்ல உங்க பக்கத்துல இருக்கற ஜனங்க, அவங்க கண்ணுல அது எப்படி படும்னு யோசிச்சு பாருங்க.

ஆனா அந்த வீட்டுகிட்ட கத்துக்க எவ்வளவோ இருக்கு. மூங்கிலையும் பிரம்பையும் வளைச்சு மேல புல்லு வேயறாங்க, கூரையே சுவரா தரை வரைக்கும் இறங்கிடும், மழைத் தண்ணி எங்கயும் நிக்காம வழிஞ்சிடும், காத்துக்கு முட்ட ஒரு மூலையே கிடையாது. வாசல் குனிஞ்சு தவழ்ந்து போற அளவுதான், குளிரும் உள்ள வராது, மிருகமும் வராது. சுத்தி கல்லுல ஒரு தாழ்ந்த சுவர். எல்லா சாமானும் நடந்து போற தூரத்துல கிடைக்கறது. இதுல இருந்து நீங்க எடுக்க வேண்டியது, கூரையை நல்லா சரிவா போட்டு தாழ இறக்குங்க, காத்து வர்ற பக்கம் திறப்பை சின்னதாக்குங்க, சாமானை பக்கத்துல தேடுங்க. நம்ம மலையில சீகை மரமும் கற்பூர மரமும் உண்ணிச்செடியும் வேண்டாத இடத்துல எல்லாம் பரவி சோலையையும் புல்வெளியையும் முழுங்கிக்கிட்டு இருக்கு. உண்ணிச்செடி குச்சியில நாற்காலி, மேஜை பண்றவங்க இருக்காங்க, அதை வாங்குங்க, ரூமும் நல்லா இருக்கும், காட்டுக்கும் நல்லது. மரம் வெட்டற விஷயத்துல மட்டும் ஜாக்கிரதை, சொந்த பட்டாவா இருந்தாலும் 1955ல வந்த மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, கமிட்டி அனுமதி வாங்காம கை வெக்காதீங்க.

தோடர் கைவேலை வேணும்னா அந்தப் பெண்கள்கிட்டயே சிவப்பு கருப்பு நூல்ல போட்ட துணியை நல்ல விலை குடுத்து வாங்கி மேஜையில விரிங்க, புவிசார் குறியீடு வாங்கின வேலை அது. மெஷின்ல பண்ண காப்பி வாங்காதீங்க.

ஏசியா, ஊட்டியிலயா? வேண்டவே வேண்டாம்.

கேள்வி: தாண்டிக்குடி பக்கம் எங்க தாத்தா காலத்து காபி தோட்டம். காபி பழத்துத் தோலை உரிக்கற பழைய பல்ப்பர் ஹவுஸ் இடிஞ்சு கிடக்கு, சிமெண்ட் களம் ஒண்ணு இருக்கு. அதை இடிச்சுட்டு புதுசா ஒரு கஃபே மாதிரி கட்டலாமா? (தாண்டிக்குடி வாசகி)

பதில்: இடிக்காதீங்க. உங்களுக்கு கிடைச்சிருக்கறது எத்தனையோ பேர் காசு குடுத்து தேடற இடம். பல்ப்பர் ஹவுஸை எங்க கட்டுவாங்க? தோட்டத்துல தண்ணி வசதியா இறங்கி வர்ற, பழம் சுமந்துக்கிட்டு மேல இருந்து கீழ வரக்கூடிய, லாரி வந்து நிக்கக்கூடிய இடத்துல. அதாவது சரியான இடத்தை உங்க தாத்தா ஏற்கனவே பாத்து வெச்சுட்டார், அத்தனை வருஷ மழையும் அந்த இடத்தை சோதிச்சுடுச்சு. புதுசா ஒரு கடப்பாரை குத்து கூட மலையில விழ வேண்டாம்.

சுவர் கல்லா, சுண்ணாம்பான்னு பாருங்க. சுண்ணாம்பு கட்டுன்னா ரிப்பேரும் சுண்ணாம்புலயே பண்ணுங்க, அது மேல சிமெண்ட் பூசினா உள்ள இருக்கற ஈரம் வெளிய வர வழி இல்லாம சுவர் உதிர ஆரம்பிக்கும். பல்ப்பர் மெஷினையும் தொட்டியையும் இருந்த இடத்துலயே விடுங்க, துரு எடுத்து எண்ணெய் போட்டா போதும். பழம் உள்ள விழறது, தோல் பிரியறது, தொட்டியில ஊறறது, களத்துல காயறது, இதை எல்லாம் வர்றவங்க நடந்து பாத்துட்டு கடைசியா கப்பை கையில எடுக்கட்டும். டேஸ்டிங் மேஜையை களத்தை பாத்த மாதிரி போடுங்க, களத்தை ஓடு கீடு ஒட்டி அழகு பண்ண வேண்டாம், தை மாசி மாசத்துல அங்க உண்மையிலேயே கொட்டை காயணும், ரேக் போட்டு ஆளுங்க கிளறிக்கிட்டு இருக்கணும்.

கப்பிங், அதாவது காபியை முறைப்படி ருசி பாக்கறது, அதுக்கு 150 மில்லிக்கு 8.25 கிராம் காபித்தூள், தண்ணி 93 டிகிரி, நாலாவது நிமிஷம் மேல மிதக்கற படலத்தை ஸ்பூனால உடைச்சு அந்த ஆவியை மோந்து பாக்கறது, இதுதான் உலகம் பூரா நடக்கற முறை. உங்க ஊர்லயே காபி போர்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கு, போய் கேளுங்க, நிறைய விஷயம் தெரிஞ்சவங்க. அதோட கீழ்ப்பழனி மலை காபின்னா தனியா காபி மட்டும் கிடையாதே, அதே நிழல்ல மிளகு, ஆரஞ்சு, மலைவாழை எல்லாம் நிக்குது. கப் பக்கத்துல ஒரு சின்ன தட்டுல உங்க தோட்டத்து மலைவாழை ரெண்டு துண்டு வைங்க. நிழல் மரத்தை மட்டும் வியூவுக்காக வெட்டிடாதீங்க, அந்த நிழல்தான் காபியை மெதுவா பழுக்க வெக்குது, உங்க வியூவே அந்த நிழல்தான்.

ஒரு எச்சரிக்கை. பல்ப்பர் கழுவுன தண்ணி புளிச்ச வாடை அடிக்கும், ஓடைக்கும் கெடுதல். அந்தக் கழிவுத்தண்ணிக்கு குழி எங்கன்னு முடிவு பண்ணிட்டு அப்புறம் ஆளுங்களை கூப்பிடுங்க.

கேள்வி: கொடைக்கானல்ல எங்களுக்கு பிளம்ஸ் தோப்பு இருக்கு, கம்பம் பன்னீர் திராட்சையும் வாங்கி வீட்டுலயே ஒயின் போடறோம், எல்லாரும் நல்லா இருக்குன்னு சொல்றாங்க. ஒரு சின்ன ஒயின் டேஸ்டிங் ரூம் திறக்கலாமா? (கொடைக்கானல் வாசகர்)

பதில்: திறக்க முடியாது சார். தமிழ்நாட்டுல 1937 மதுவிலக்குச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாம மதுவை தயாரிக்கறதும் விக்கறதும் குற்றம், வீட்டு ஒயினும் அதுல அடக்கம்தான். சில்லறை விற்பனை 2003ல இருந்து டாஸ்மாக் கையில. "ஹோம்மேட்"னு போர்டு போட்டு விக்கறவங்களை பாத்து தைரியம் வர வேண்டாம், ரெய்டு வந்தா தோப்புக்கும் கெட்ட பேர்.

ஆனா உங்க ஆசையில பாதி இப்பவே நடக்கும். பிளம்ஸ் ஜூஸ், ஸ்குவாஷ், ஜாம், எல்லாத்துக்கும் எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு வாங்கிட்டு அதையே ஒயின் மாதிரி மரியாதையா மெல்லிசு கண்ணாடி கிளாஸ்ல குடுங்க, இது எந்த மரத்து பழம், எந்த வாரம் பறிச்சதுன்னு சொல்லி. பன்னீர் திராட்சைக்கு 2023ல புவிசார் குறியீடு வந்தாச்சு, வெளிநாட்டுல மஸ்கட் ஹாம்பர்க்னு சொல்ற அதே ரகம், அதோட ரோஜா வாசனையை ஜூஸ்லயே நல்லா காட்டலாம். ரூம் எப்படின்னா, மேல கோத்தகிரி சாருக்கு சொன்னது எல்லாம் உங்களுக்கும்தான்.

கேள்வி: எங்க தோட்டத்துக்கு காட்டெருமை தினமும் வரும், கரடியும் உண்டு. டேஸ்டிங் ரூமுக்கு சுத்தி வேலியும் ஃபிளட் லைட்டும் போடணுமா? (கோத்தகிரி வாசகி)

பதில்: ரெண்டும் வேண்டாம் அம்மா. அதுங்க வழக்கமா நடக்கற தடம் எதுன்னு உங்க தோட்டத்துல வேலை செய்யறவங்களுக்கு நல்லா தெரியும், அந்தத் தடத்தை விட்டு ரூமை தள்ளி வைங்க, தடத்தை மறிச்சு வேலி போட்டாத்தான் மோதல் வரும். லைட் கீழ பாத்து, மஞ்சளா, முழங்கால் உயரத்துல, சாயந்திரம் ஆறு மணிக்கு கடை மூடினதும் அணைச்சுடுங்க. கரடிக்கு சாப்பாட்டு வாடைதான் அழைப்பு. எண்ணெய், மாவு, சர்க்கரை, பழத்தோல் எதையும் ராத்திரி ரூம்ல விடாதீங்க, பலகாரம் செய்யற கிச்சனை வீட்டோட வெச்சுக்குங்க, குப்பையை இரும்பு மூடி போட்ட தொட்டியில வெச்சு தினமும் எடுத்துடுங்க. மரக்கதவு கரடிக்கு ஒரு நிமிஷ வேலை, அதனால உள்ள ஒண்ணும் இல்லன்னு அதுக்குத் தெரியறதுதான் பாதுகாப்பு.

கேள்வி: டேஸ்டிங் ரூம் வாசல் வரைக்கும் கார் வர்ற மாதிரி ரோடு போடணுமா? வயசானவங்க வருவாங்களே. (குன்னூர் வாசகர்)

பதில்: ரோடு போட்டா ரூமுக்கு வெட்டறதை விட பத்து மடங்கு மலையை வெட்டணும். காரை மெயின் ரோடு ஓரத்துலயே உங்க இடத்துல நிறுத்த வெச்சு, தரையை சிமெண்ட் போடாம ஜல்லி பரப்பி விடுங்க, தண்ணி ஊறட்டும். அங்க இருந்து தேயிலை வரிசைக்கு நடுவுல நடைபாதை, நேரா இறங்காம சரிவுக்கு குறுக்க வளைஞ்சு வளைஞ்சு போகணும், தண்ணியும் அதுல வேகம் எடுக்காது. படி வர்ற இடத்துல உயரம் 5 அங்குலம், அகலம் 15 அங்குலம் வைங்க, முட்டி வலி இருக்கறவங்களுக்கு அதுதான் சரி. பத்து பன்னெண்டு படிக்கு ஒருக்கா உக்கார ஒரு கல் பெஞ்ச். பாலிஷ் போட்ட கல் வேண்டவே வேண்டாம், பாசி பிடிச்சா வழுக்கும், உளியால கொத்து வெச்ச கருங்கல் போடச் சொல்லுங்க, ஒவ்வொரு படியும் முன்பக்கம் லேசா சாயணும் இல்லன்னா தண்ணி நிக்கும். கைப்பிடி ஒரு பக்கம் போதும், மேட்டுப் பக்கம் இல்லாம பள்ளத்துப் பக்கமா வைங்க. நடக்கவே முடியாதவங்களுக்கு மேல கார் நிறுத்தற இடத்துலயே ஒரு சின்ன ஷெட், ரெண்டு நாற்காலி, ஒரு கெட்டில். அதே டீயை அங்கேயே கொண்டு போய் குடுத்துடலாம்.